வெள்ளைத்தாளும் சூட்டுக்கோலும்

எல்லாவற்றையும் சந்தேகிப்பது என்று ஒரு மனிதர் முடிவெடுத்தார். கண் பொய் சொல்லலாம். காது ஏமாற்றலாம். கையும் காலும் கனவாக இருக்கலாம். இரண்டும் மூன்றும் ஐந்து என்பதில்கூட ஏதோ ஒரு கெட்ட தேவதை நம்மை ஏய்த்துக்கொண்டிருக்கலாம். இப்படிச் சந்தேகிப்பது பெரிய வேலை. அதற்கு நிறைய ஓய்வு வேண்டும். ரெனே தெகார்த்துக்கு அது இருந்தது. குடும்பச் சொத்தில் வந்த நிலத்தை விற்று முதலாக்கி, அதன் வருமானத்தில் கவலையில்லாமல் வாழ்ந்தவர். 1641-இல் வெளிவந்த ‘தியானங்கள்’ நூலில் அவர் குளிர்கால அங்கி அணிந்து கணப்படுப்பின் அருகே உட்கார்ந்திருக்கிறார். அந்த அங்கி உண்மையா என்று சந்தேகம் வருகிறது. நெருப்பு உண்மையா என்று சந்தேகம் வருகிறது. விறகு கொண்டுவந்து போட்டது யார் என்ற சந்தேகம் மட்டும் கடைசிப் பக்கம் வரை வரவில்லை. சாம்பல் அள்ளியவர்கள் சந்தேகிக்கப்படும் தகுதியைக்கூடப் பெறவில்லை.

அவர்களில் ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும். ஹெலெனா யான்ஸ், ஆம்ஸ்டர்டாமில் தெகார்த் தங்கியிருந்த வீட்டின் பணிப்பெண். 1635-இல் அவருக்கும் தெகார்த்துக்கும் பிரான்சின் என்ற பெண் குழந்தை பிறந்தது. 5 வயதில், 1640-இல், காய்ச்சலில் இறந்தது. அந்தச் சாவு அவரை உடைத்துப்போட்டது என்று பழைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் பாயே எழுதுகிறார். அந்தத் துக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் மறு ஆண்டு அச்சேறிய நூலில் உடம்பு என்பது மனத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு பொருள் என்று நிறுவப்பட்டது. மனத்துக்கு நீளமும் அகலமும் கிடையாது. உடம்புக்குச் சிந்தனை கிடையாது. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி முடிந்தது. எழுதியவர் மனத்தின் பங்கில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். உடம்பின் பங்கில் யார் யாரைத் தள்ளினார்கள் என்பதுதான் அடுத்த 130 ஆண்டுகளின் கதை.

பாடநூல்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை. பகுத்தறிவுவாதிகள் ஒரு பக்கம், அனுபவவாதிகள் மறுபக்கம் என்று அணி பிரித்து நிறுத்திவிடுகின்றன. அறிவு பிறவியிலேயே வருகிறதா, புலன் வழியாக வருகிறதா என்று இரு அணிகளும் பயங்கரமாகச் சண்டை போட்டன. அறிவு யாருக்கு வரும் என்ற கேள்வியில் மட்டும் இரு அணிகளுக்கும் சண்டையே இல்லை.

முதலில் தள்ளப்பட்டவை விலங்குகள். ஆம்ஸ்டர்டாமில் ஒரு குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய தினமும் கசாப்புக்காரர் வீட்டுக்குப் போய் அறுப்பைப் பார்த்ததாக 1639-இல் தெகார்த் தம் நண்பர் மெர்சென்னுக்கு எழுதினார். அது ஆராய்ச்சி, இருக்கட்டும். உயிருள்ள முயலின் நெஞ்சைத் திறந்து பார்த்ததையும் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கடிதத்தில் விவரித்தார். விலங்கு ஓர் இயந்திரம். அதற்குச் சிந்தனை இல்லை. கடைசிக் காலத்தில், உறுப்புகளைச் சார்ந்த உணர்ச்சியை அவற்றுக்கு நான் மறுக்கவில்லை என்று கொஞ்சம் இழுத்துப் பேசினார். சீடர்களுக்கு அந்த இழுப்பெல்லாம் தேவைப்படவில்லை. பாரிசுக்கு அருகே போர்ட்-ராயலில் கூடியிருந்த பக்திமான்கள் நாய்களின் நான்கு கால்களையும் பலகையில் வைத்து ஆணியடித்து, இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக உயிரோடு பிளந்ததை அங்கிருந்த ஃபொன்தேன் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நாய் கதறியதே? அது சுருள்வில்லின் சத்தமாம், கடிகாரத்தைத் தட்டினால் வருவது போல. மால்பிரான்ஷ் பாதிரியார் சினை நாய் ஒன்றை உதைத்துவிட்டு, அதற்கு வலி தெரியாது என்று அமைதியாகச் சொன்னாராம். இது வாய்வழியாக வந்த கதை. வாய்வழிக் கதை வேண்டாமென்றால் அவருடைய நூலே இருக்கிறது. விலங்குகள் இன்பமில்லாமல் தின்கின்றன, வலியில்லாமல் அலறுகின்றன என்பது அவர் அச்சிட்டே சொன்ன கொள்கை. காலையில் ஜெபம், பகலில் ஆணி. கதறலைக் கதறல் இல்லை என்று நிரூபிக்கும் கலை இங்கேதான் பழகப்பட்டது. பழகிய கை சும்மா இருக்குமா?

இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தை முதலில் தட்டிப் பார்த்தவர் 24 வயதுப் பெண். பொஹீமியாவின் எலிசபெத், தந்தை அரியணையை இழந்ததால் தி ஹேக்கில் நாடு கடந்து வாழ்ந்த இளவரசி. 1643 மே மாதம் தெகார்த்துக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் எளியது. ஐயா, ஒன்றை அசைக்க வேண்டுமானால் தொட வேண்டும், தள்ள வேண்டும். உங்கள் மனத்துக்குப் பரப்பே கிடையாது என்கிறீர்கள். பிறகு அது எப்படி என் கையைத் தூக்குகிறது?

மேதை என்ன சொன்னார்? பொருளுக்குள் கனம் இருந்து அதைக் கீழே இழுப்பதாக நாம் நினைக்கிறோமே, அதுபோல வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கனம் அப்படி வேலை செய்வதில்லை என்று இயற்பியலில் சொன்னவரும் அவர்தான்! எலிசபெத் விடவில்லை. பொருளற்ற ஒன்று உடம்பை அசைக்கிறது என்று ஏற்பதைவிட, மனத்துக்கும் பொருளும் பரப்பும் உண்டு என்று ஏற்பது தனக்கு எளிதாக இருக்கிறது என்று மறுகடிதம் போட்டார். குடும்பக் கடமைகள் தனக்குத் தியானிக்க நேரம் வைப்பதில்லை என்றும் சொன்னார். உடம்பு சரியில்லாவிட்டால் புத்தியே கலங்குகிறதே, அதற்கு உங்கள் விளக்கம் என்ன என்றும் கேட்டார். வீட்டுச் சுமையும் நோயும் தெரிந்த ஒருவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. அதற்கு வந்த அறிவுரை: இந்த மீமெய்யியல் சிந்தனைக்கு வருடத்தில் சில மணி நேரம் போதும், தானும் அப்படித்தான் செய்வதாக. இப்படி அறிவுரை பெற்றவருக்கே மறு ஆண்டு ஒரு நூல் சமர்ப்பணம் செய்யப்பட்டது. பதில் வரவில்லை, காணிக்கை வந்தது.

மனமும் உடம்பும் சந்திக்கும் இடத்தை 1649-இல் ஒரு வழியாகத் தெகார்த் அச்சில் காட்டினார். மூளையின் நடுவே இருக்கும் பினியல் சுரப்பியில் ஆன்மா அமர்ந்து, அதை இப்படியும் அப்படியும் சாய்க்கிறதாம். அதே சுரப்பி மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருக்கிறது. அங்கே மட்டும் ஆசனம் காலி. 1665-இல் பாரிசில் உடற்கூற்று அறிஞர் ஸ்டெனோ எழுந்து நின்று, அந்தச் சுரப்பி அப்படி அசையவே முடியாது என்று உடற்கூற்றைக் காட்டினார். பிறகு வந்த மால்பிரான்ஷ், விரல் அசைவது ஒவ்வொன்றும் கடவுளே நேரில் செய்வது என்றார். அதாவது நாயை உதைத்த காலையும் கடவுளே தூக்கினார். லைப்னிட்ஸ், கடவுளுக்கு இத்தனை அலைச்சல் தர வேண்டாம், மனம், உடம்பு என்ற இரண்டு கடிகாரங்களையும் ஆரம்பத்திலேயே ஒன்றாக முடுக்கி வைத்துவிட்டார் என்றார். ஒரு பெண்ணின் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் கடவுளை இழுத்தார்கள். அந்தக் கேள்விக்கு இன்றும் கம்பீரமாகப் பெயர் வைத்து வகுப்பு நடத்துகிறார்கள். கேட்டவரின் கடிதங்கள் 1879 வரை அச்சேறவில்லை. அவரே வெளியிட அனுமதிக்கவில்லை என்பது உண்மை. கற்ற பெண் என்ற கேலிக்கு அஞ்ச வேண்டிய காலம் அது என்பதும் உண்மை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனம் உடம்பைச் சாராதது என்றால் மனத்துக்கு ஆண், பெண் வேற்றுமை இல்லை என்று 1673-இல் பூலேன் தெ ல பார் எழுதினார். தெகார்த்தின் சரக்கை வைத்தே சமத்துவம் கட்ட முடியும் என்று அவர் காட்டிவிட்டார். அதைப் படித்துத் திருந்தியவர்கள் பட்டியலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எலிசபெத்துக்கு எழுதிய அந்தக் கடிதங்களை வைத்தே தெகார்த்தை மடக்கிய இன்னொருவர் உண்டு. அன்டன் வில்ஹெல்ம் ஆமோ. இன்றைய கானாவின் அக்சிமில் பிறந்தவர். சிறுவனாக டச்சுக் கப்பலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் கோமகன் வீட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டார். ஆம், அன்பளிப்பு. அந்த அன்பளிப்பு ஹாலே பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1729-இல் ஐரோப்பாவில் கறுப்பர்களின் உரிமை பற்றி வாதம் செய்தது. அந்த ஆய்வுரையின் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. 1734-இல் விட்டன்பெர்கில் லத்தீனில் ஓர் ஆய்வேடு. உணர்வது உயிருள்ள உடம்பின் வேலை; மனம் உணர்வதில்லை. மனம் உடம்போடு சேர்ந்து வருந்துகிறது என்று தெகார்த் ஒரு பக்கம் சொல்லி, மனத்தின் இயல்பு சிந்திப்பது மட்டுமே என்று இன்னொரு பக்கம் சொல்வது முரண் என்று பெயர் சொல்லிக் காட்டினார். வலி யாருடையது என்ற கேள்வியை, பரிசுப்பொருளாக வந்த ஒருவர் கேட்கிறார். பிறகு ஹாலேயிலும் யேனாவிலும் மாணவர்களுக்குத் தத்துவம் நடத்தினார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். கீழே ஓர் அடிக்குறிப்பில் இவர் இல்லாமல் போகப்போகிறார்.

(அதே ஹாலேயில் படித்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் கற்று, தென்னிந்தியக் கடவுளர் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூலை எழுதி அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோம், பரப்ப அனுப்பவில்லை என்று ஹாலே அதை மூட்டை கட்டி வைத்தது. 1867-இல்தான், அதுவும் சென்னையில், அச்சானது. அனுபவமே அறிவின் ஊற்று என்று முழங்கிய நூற்றாண்டில், வந்து சேர்ந்த அனுபவத்துக்கு நேர்ந்த கதி இது.)

இப்போது அனுபவவாதிகளின் பக்கம் வருவோம். இவர்கள் நல்லவர்கள் என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. பிறக்கும்போது மனம் எழுத்தே இல்லாத வெள்ளைத்தாள். அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்றார் ஜான் லாக், தம் பெரிய நூலில். அது வெளிவந்தது 1689-இல். எவ்வளவு ஜனநாயகமான தாள்! அரசனின் பிள்ளைக்கும் அதே தாள், குடியானவன் பிள்ளைக்கும் அதே தாள்.

அதற்கு 15 ஆண்டுகள் முன்பே லாக் வேறு சில தாள்களை வாங்கியிருந்தார். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் பங்குப்பத்திரங்கள். 1674-இலும் 1675-இலுமாக 600 பவுனுக்கு. அந்தக் கம்பெனியின் சரக்கு மனிதர்கள். அதன் தலைவர் யார்க் கோமகன். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் வாங்கிய மனிதர்களைக் கப்பலேற்றுமுன், கோமகனின் பட்டத்துக்குரிய முதலெழுத்துகளைப் பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோலால் மார்பில் பொறித்தார்கள். மனம் வெள்ளைத்தாள், சரி. தோல் கறுப்பாக இருந்தால் அதில் எழுதும் முறை வேறு. அனுபவம் எழுதட்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை.

அதற்கும் முன்பு, 1669-இல், கரோலினா குடியேற்றத்துக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதப்பட்டது. குடியேற்ற உரிமையாளர்களின் செயலாளர் லாக். அந்தக் கைப்பிரதியில் அவருடைய கையெழுத்தே கிடக்கிறது. ஒவ்வொரு சுதந்திர மனிதனுக்கும் தன் கறுப்பு அடிமைமீது முழு அதிகாரம் உண்டு, அடிமையின் மதமோ கருத்தோ எதுவாயினும் சரி, என்று அதில் ஒரு விதி. பாருங்கள், எவ்வளவு சகிப்புத்தன்மை! எந்த மதத்தில் வேண்டுமானாலும் இருந்துகொள், சங்கிலியில் இரு. லாக்கின் அன்பர்கள் இங்கே அவசரமாகக் குறுக்கிடுவார்கள்: அவர் வெறும் எழுத்தர்தானே, முதலாளிகள் சொன்னதை எழுதினார். அந்த எழுத்தருக்கு அந்தச் சட்டத்தின்படியே 1671-இல் கரோலினாவின் பிரபுப் பட்டம் கிடைத்தது. உங்கள் ஊரில் நகல் எடுப்பவருக்கு என்ன கொடுக்கிறார்கள்?

வெள்ளைத்தாள் இங்கிலாந்துக்குள்ளேயே எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைக்கவில்லை. கனவான்களின் பிள்ளைகளை வளர்ப்பது பற்றி 1693-இல் லாக் ஒரு நூல் எழுதினார். பிள்ளையை அடிக்காதீர்கள், பிரம்பு அடிமைப் புத்தியைத்தான் வளர்க்கும் என்று உருகுகிறார். நல்ல நூல். 4 ஆண்டுகள் கழித்து, வருடம் 1,000 பவுன் சம்பளத்தில் வணிக வாரியத்தின் ஆணையராக இருந்தபோது, ஏழைகளை என்ன செய்வது என்று 1697-இல் அறிக்கை கொடுத்தார். அதில் ஏழைக் குழந்தைகள் 3 வயதிலிருந்தே வேலைப்பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே வயிறாரத் தினமும் ரொட்டி. கடுங்குளிரில், அவசியம் என்று பட்டால், கொஞ்சம் வெந்நீர்க் கஞ்சி. அறையைச் சூடாக்கும் அதே அடுப்பிலேயே காய்ச்சிக்கொள்ளலாம் என்று செலவுக்கணக்கும் சொல்கிறார். தெகார்த்துக்குத் தோன்றாத அடுப்பு லாக்குக்குத் தோன்றியது, விறகு மிச்சம் பிடிக்க. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை வெளியூரில் பிச்சை எடுத்துப் பிடிபட்டால் நன்றாகச் சவுக்கடி. பொய்யான அனுமதிச்சீட்டு வைத்துப் பிச்சை எடுக்கும் பெரியவருக்கு முதல் தடவை காதை அறுக்க வேண்டும். புலன்களே அறிவின் வாசல் என்று சொன்னவர், ஏழையின் வாசல்களில் ஒன்றை வெட்டி எறியச் சொன்னார்.

இந்தியர்களாகிய நமக்கும் அவருடைய பெருநூலில் ஓர் இடம் உண்டு. உலகத்தை யானை தாங்குகிறது, யானையை ஆமை தாங்குகிறது, ஆமையைத் தாங்குவது என்னவோ தெரியாது என்று சொல்லும் அப்பாவி இந்தியன் அதில் வருகிறான். மற்ற தத்துவவாதிகளைக் கிண்டலடிக்க அவனைக் கூப்பிட்டார். வந்து சிரிப்பு மூட்டிவிட்டுப் போய்விடுகிறான். அவனுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. அனுபவத்தில் சோதிக்காமல் எதையும் நம்பாதே என்று சொன்ன நூல், அவனை மட்டும் சோதிக்காமல் அச்சடித்தது.

ஜார்ஜ் பெர்க்லி இன்னும் சுத்தமானவர். பொருள் என்று ஒன்று கிடையவே கிடையாது. உணரப்படுவதே இருப்பது என்று 1710-இல் நிறுவினார். பிறகு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, ரோட் தீவில் நிலம் வாங்கினார், அதில் வேலை செய்ய அடிமைகளையும் வாங்கினார். உலகமெல்லாம் வெறும் எண்ணம். விற்பனைப் பத்திரம் மட்டும் சாட்சிக் கையெழுத்தோடு கெட்டியாக இருந்தது. அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், அதனால் அவர்கள் விடுதலை ஆகிவிடமாட்டார்கள், முதலாளிகள் பயப்பட வேண்டாம் என்று பிரசங்கமும் செய்தார். 2023-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி தன் நூலகத்திலிருந்து அவர் பெயரை எடுத்தது. யாரும் பார்க்காதபோது நூலகம் இருக்கிறதா என்று கேட்டவர். பெயர்ப்பலகைக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்படமாட்டார்.

2020-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் டேவிட் ஹியூம் கோபுரத்தின் பெயரை மாற்றியபோது கவலைப்பட்டவர்கள் நிறையப் பேர். வழக்கமான ஒப்பாரி தொடங்கியது: பாவம், அவர் தம் காலத்தின் பிள்ளை. இந்தக் காலம் என்பவர் பெரிய தாராளக்காரர். குற்றங்களையெல்லாம் தன் தலையில் ஏற்றுக்கொள்வார், பெருமையில் பங்கு கேட்கமாட்டார். நூலை எழுதியது மேதை. பங்குப்பத்திரம் வாங்கியது காலம். வாதத்தை நிறுவியது மேதை. சூட்டுக்கோல் பிடித்தது காலம். லாக்கின் பெருநூலுக்கு ஓராண்டு முன், 1688-இல், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நால்வர் மனிதனை வாங்குவதும் விற்பதும் பாவம் என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைப் பெற்றதும் அதே காலம்தான். லாக்கே தம் அரசியல் நூலை, அடிமைத்தனம் எவ்வளவு இழிவானது, ஓர் ஆங்கிலேயக் கனவான் அதற்காக வாதாடுவதை நினைத்தும் பார்க்க முடியாது என்ற பொருளில்தான் தொடங்குகிறார். தெரியாமல் செய்தவர் என்று சொல்லி அவரை அவமானப்படுத்தாதீர்கள்.

ஹியூமுக்கு வருவோம். எதற்கும் அவசரப்பட்டு முடிவுக்கு வராத மனிதர் என்று பெயர் எடுத்தவர். நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்பதற்குத் தர்க்கத்தில் உறுதி இல்லை என்றவர். ஒரு பந்து இன்னொன்றை மோதினால் காரணத்தை நாம் பார்ப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்று வருவதைத்தான் பார்க்கிறோம் என்றவர். கேள்விப்பட்டதை நம்பாதே, சாட்சியை எடை போடு என்று 1748-இல் அற்புதங்களைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு வெளிவந்த ‘தேசங்களின் குணங்கள்’ கட்டுரைக்கு 1753-இல் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். கறுப்பர்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று தனக்குத் தோன்றுவதாக. ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கும் கறுப்பர்களில் ஒருவர்கூட அறிவின் அடையாளம் காட்டவில்லையாம். விட்டன்பெர்க் ஆய்வேடு அச்சாகி அப்போது 19 ஆண்டுகள்.

ஜமைக்காவில் கல்வி கற்ற கறுப்பர் ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார்களே? ஹியூமுக்குப் பதில் தயார். சில சொற்களைத் தெளிவாகப் பேசும் கிளியைப் புகழ்வது போலத்தான் அவரையும் புகழ்கிறார்களாம். அந்தக் கிளியின் பெயர் பிரான்சிஸ் வில்லியம்ஸ். லத்தீனில் கவிதை எழுதினார், ஸ்பானிஷ் டவுனில் பள்ளி நடத்தினார். புத்தக அலமாரிக்கு முன்னால் அவர் நிற்கும் ஓவியம் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரும் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தவர்தான். அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. ஹியூம் அவரைப் பார்த்ததில்லை. சூரியனுக்குப் போதாத சாட்சி, கடல் கடந்த ஒரு வதந்திக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வதந்தி அங்கே நிற்கவும் இல்லை. 1764-இல் கோனிக்ஸ்பெர்கில் கான்ட் இதே அடிக்குறிப்பை ஆதாரமாகக் காட்டினார். கூடவே, புத்தியாகப் பேசிய ஒரு கறுப்பரைப் பற்றி, தலை முதல் கால் வரை கறுப்பாக இருந்தான், அவன் சொன்னது முட்டாள்தனம் என்பதற்கு அதுவே தெளிவான சான்று என்ற கருத்தையும் எழுதினார். தூய அறிவை விமர்சிக்கப் புறப்படுமுன் அவர் எடுத்துக்கொண்ட பயிற்சி இது.

காலம் ஹியூமுக்குக் கைகொடுக்காமலும் இல்லை. 1770-இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பீட்டி, அந்த அடிக்குறிப்பை வரிவரியாக எடுத்து, சில பேரைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்து ஓர் இனத்தையே அளப்பது எந்த ஊர் தர்க்கம் என்று அச்சில் கேட்டார். ஹியூம் தம் நூல்களைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறவர். சாவதற்கு முன் இந்தக் கட்டுரையையும் எடுத்தார். திருத்திய பதிப்பு 1777-இல் வந்தது. முதல் வடிவத்தில் வெள்ளையரல்லாத எல்லா இனங்களும் தாழ்வு என்றிருந்தது. அதை அடித்துவிட்டு, கறுப்பர்களை மட்டும் நிறுத்தினார். அந்த நிறத்தில் நாகரிக தேசமே இருந்ததில்லை என்பதை, அரிதாகவே இருந்தது என்று மாற்றினார். அடுத்த வரிகளையும் படித்துப் பார்த்தார். கிளியை அப்படியே விட்டுவைத்தார்.